திகதிய மாத்திப் போடச் சொல்றாங்க, நான் என்ன செய்யட்டும் டொக்டர்?

இந்தத் தடவ எடுத்துக்கிட்ட கடிதம் மலையகத்துல ஒரு ஹொஸ்பிட்டல் கிளினிக்ல ரிசேர்ச் அசிஸ்டன்ட்டா இருக்கிற தங்கச்சி ஒருத்தங்க எழுதினது. பேரு, ஊரு, மருந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன். தோட்டத்துல பொறந்து வளந்து கெம்பஸ் முடிச்சவங்க, முதல் வேலையே இதுதான். சீனி வருத்தத்துக்கு ஒரு புது மருந்து ட்ரயல், சேந்திருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல தோட்டத்து ஆளுங்க.

கடிதத்துல உள்ளது சுருக்கமா இதுதான். ட்ரயல் எப்படி நடக்கணும்னு எழுதி வச்ச திட்டம்தான் புரொட்டோகோல், ஒவ்வொரு விசிட்டும் குறிச்ச நாளுக்கு முன்ன பின்ன 3 நாளுக்குள்ள நடக்கணும்னு அதுல இருக்கு, இந்த இடைவெளியத்தான் விண்டோன்னு சொல்றது. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்து ரோடெல்லாம் மண்சரிஞ்சு போனப்போ கொஞ்சப் பேரு ரொம்பப் பிந்தித்தான் வந்திருக்காங்க, அதுக்கு அப்புறமும் பிந்துறது நிக்கல. ட்ரயலுக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் "இதையெல்லாம் பெரிசாக்க வேணாம், விண்டோவுக்குள்ள ஒரு திகதிய போடுங்க"ன்னு சொல்ல, இவங்களும் ரெண்டு பேருக்கு அப்படியே போட்டிருக்காங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிகிட்ட சம்மதப் பத்திரத்துல கைநாட்டு வாங்கினப்போ தமிழ் போர்ம் முடிஞ்சிருந்ததால சிங்களப் போர்ம்ல வாங்கிட்டு, சாட்சிக் கையெழுத்த மறுநாள் அங்க இல்லாத ஒரு அட்டென்டன்ட் கிட்ட வாங்கியிருக்காங்க. வெறும் வயித்துல எடுக்க வேண்டிய ரத்தம் சில பேருக்கு தேத்தண்ணி குடிச்ச பிறகு எடுத்திருக்கு. கடைசிப் பந்தில, ரெண்டே வரில, ஒரு தொழிலாளி மலையில தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டிட்டு இருக்கும்போது வேர்த்து மயங்கி விழுந்ததும், கூட இருந்தவங்க சீனித்தண்ணி குடுத்து தோட்டத்து டிஸ்பென்சரிக்கு தூக்கிட்டுப் போனதும், நாலாவது வாரத்து கிட்னி டெஸ்ட் எடுக்காமலே அவருக்கு டோஸ் கூட்டியிருந்ததும் இருக்கு. "சாப்பிடாம வேலைக்குப் போயிருக்கார், மருந்தால இல்ல"ன்னு சொல்லி அத எங்கயுமே எழுதல.

கேட்ட கேள்விங்க: இது குற்றமா, நான் மாட்டிக்குவேனா, ரகசியம் காப்பேன்னு கையெழுத்து வச்சிருக்கேன் அப்போ வெளிய சொல்லலாமா, சொன்னா ட்ரயல நிப்பாட்டி நம்ம ஆளுங்களுக்குக் கிடைக்கிற மருந்தும் டெஸ்ட்டும் போயிடுமா, பேசாம வேலைய விட்டுடட்டுமா.

தங்கச்சி, நீங்க திகதிய பத்தி மூணு பக்கம் எழுதிட்டு அந்த அண்ணன பத்தி ரெண்டு வரி எழுதியிருக்கீங்க. பயம் எங்க இருக்கோ அங்கதான் பேனா ஓடும், எனக்கு விளங்குது. ஆனா நான் பதில் சொல்லப்போற வரிசை வேற.

மயங்கி விழுந்தவர் விஷயம், இன்னைக்கே

வேர்த்து, மயங்கி, இன்னொருத்தர் சீனித்தண்ணி ஊத்தித்தான் எழும்பினார்னா அது சீனி கடுமையா எறங்கினதா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மத்தவங்க உதவி இல்லாம மீள முடியாத அளவுக்கு சீனி எறங்கினா அத கடுமையானதுன்னுதான் கணக்கெடுப்போம். சாப்பிடாம போனது காரணமா இருக்கலாம், மருந்தும் காரணமா இருக்கலாம், கிட்னி சரியா வேல செய்யாம மருந்து உடம்புல தங்கினதும் காரணமா இருக்கலாம், அத பாக்கத்தான் நாலாவது வாரத்துல அந்த டெஸ்ட்ட வச்சிருக்காங்க. அத எடுக்காம டோஸ கூட்டினது திகதி பிந்தின மாதிரி ஒண்ணு கிடையாது, ஒரு மனுஷனோட உயிரோட சம்பந்தப்பட்ட விலகல், அதாவது புரொட்டோகோல மீறினது, டீவியேஷன்னு சொல்றது இதத்தான்.

மருந்தால வந்ததோ இல்லையோ, ட்ரயல்ல இருக்கிற ஒருத்தருக்கு உடம்புக்கு என்ன நடந்தாலும் அத எழுதணும். காரணம் என்னங்கிறது ரெண்டாவது கேள்வி, அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியது டொக்டர், ஆனா பதில் தெரிஞ்ச பிறகுதான் எழுதுவோம்னு இருக்கக்கூடாது. ஹொஸ்பிட்டல்ல வார்ட்ல போடலங்கிறதால சின்ன விஷயம்னு நீங்க நெனச்சிருக்கீங்க. வார்ட்ல சேக்குறது பாரதூரமான நிகழ்வுக்கு ஒரு அடையாளம் மட்டும்தான், மருத்துவ ரீதியா முக்கியமானதுன்னு டொக்டர் தீர்மானிச்சா வார்ட்டுக்கே போகாததும் அதுக்குள்ள வரும். அப்படி வந்தா ஸ்பொன்சருக்கு, அதாவது ட்ரயல நடத்துற கம்பனிக்கு, உடனே அறிவிக்கணும், பொதுவா புரொட்டோகோல்ல 24 மணித்தியாலம்னு போட்டிருக்கும், உங்க புரொட்டோகோல்ல அந்தப் பக்கத்த எடுத்துப் பாருங்க.

நீங்க செய்ய வேண்டியது: அவரோட ட்ரயல் நம்பர மட்டும் போட்டு, எப்ப மயங்கினார், யார் பாத்தாங்க, எந்த டெஸ்ட் விடுபட்டுச்சு, டோஸ் எந்த நாள் கூடிச்சுன்னு நாலு வரி எழுதி பெரிய டொக்டருக்கு ஈமெயில்ல அனுப்புங்க, வாயால சொன்னா பத்தாது. மயங்கினவர கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொல்லி டொக்டர்கிட்ட கேளுங்க. "அட்டவணைல இல்லாத நாள்ல டெஸ்ட் எடுத்தா அதுவும் டீவியேஷன்"னு உங்ககிட்ட யாரோ சொல்லியிருக்காங்க, அது தப்பு. ஆள் ஆபத்துல இருந்தா புரொட்டோகோல மீறி உடனே செய்ய வேண்டியத செய்யலாம், அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்ல, செஞ்சிட்டு பிறகு அறிவிக்கலாம்னு ட்ரயலுக்கான சர்வதேச வழிகாட்டலான ஐசிஎச் ஜிசிபிலயே இருக்கு. அன்னைக்கே பதில் வரலன்னா டீம்ல இருக்கிற மத்த டொக்டருக்குச் சொல்லுங்க, அதுக்கும் அசையலன்னா புரொட்டோகோல் முன்பக்கத்துல மெடிக்கல் மொனிட்டர், அதாவது ஸ்பொன்சர் பக்கத்து டொக்டரோட நம்பர் இருக்கும், அதுக்கு எடுங்க. அவரும் அவர் வீட்டாளுங்களும் இனி அந்த மாதிரி வந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும், அத தமிழ்ல உக்காந்து சொல்லிக் குடுங்க.

பிந்தி வந்தது குத்தமா?

இல்ல. விசிட் பிந்தாத ட்ரயல் உலகத்துலயே கிடையாது. 2020ல கொவிட் வந்தப்போ எல்லா நாட்டுலயும் விசிட்டு தவறிச்சு, அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்த வருஷம் மார்ச்லயே வழிகாட்டல் போட்டு, என்ன தவறிச்சு, ஏன் தவறிச்சுன்னு எழுதி வைங்கன்னுதான் சொன்னாங்க. 2022ல இங்க பெற்றோல் இல்லாம வரிசையில நின்ன காலமும் அப்படித்தான். "ரோட்டுல மண்சரிவு, பஸ் ஓடல, 9 நாள் பிந்தி வந்தார்"னு உண்மையா ஒரு வரி இருந்தா அந்த ரத்தத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. பிறகு கணக்குப் போடுறவங்க அத சேத்தும் பாப்பாங்க, விட்டும் பாப்பாங்க. பொய்த் திகதி போட்டா அது அவங்க கண்ணுக்கே தெரியாது, பதினாலாவது வாரத்து சீனிய பன்னெண்டாவது வாரத்து சீனின்னு நெனச்சு கணக்கு போட்டுடுவாங்க.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம நாட்டு உதாரணத்துலயே பாக்கலாம். இலங்கைல ஹொஸ்பிட்டல் கிளினிக்கள்ல 700 பேர வச்சு பிரஷருக்கு ட்ரயம்ஃப்னு ஒரு ட்ரயல் செஞ்சாங்க, மூணு மருந்த கொறஞ்ச அளவுல ஒரே குளிசைல போட்டு. 2018ல ஜாமா ஜர்னல்ல வந்துச்சு. 6 மாசத்துல அந்தக் குளிசை போட்டவங்கள்ல 70 வீதம் பேருக்கு பிரஷர் எறங்க வேண்டிய அளவுக்கு எறங்கிச்சு, வழக்கமான சிகிச்சைல 55 வீதம். இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் உங்கள மாதிரி அசிஸ்டன்ட்மார் எழுதின திகதிலயும் அளவுலயும்தான் நிக்குது, அத நம்பித்தான் வேற நாட்டு டொக்டர்களும் குளிசை எழுதுறாங்க.

எல்லா விலகலும் ஒரே எடை கிடையாதுங்கிறதையும் புரிஞ்சுக்கங்க. ஆளோட உரிமை, பாதுகாப்பு, இல்லாட்டி தரவோட நம்பகத்தன்மை, இதுல ஏதாவது ஒண்ண பெரிசா பாதிக்கிறத முக்கியமான விலகல்னு தனியா பிரிப்போம். விண்டோவ தாண்டி ரெண்டு நாள் பிந்தினத டீவியேஷன் லொக்ல எழுதிட்டு போகலாம். டெஸ்ட் இல்லாம டோஸ் கூட்டினது, சாட்சி இல்லாத கைநாட்டு, மாத்தி எழுதின திகதி, இந்த மூணும் முக்கியமானதுல வரும். 2025 ஜனவரில வந்த ஜிசிபி புதுப் பதிப்பு, ஆர்3ன்னு சொல்றது, அதுவும் ஆபத்து எங்க பெரிசா இருக்கோ அங்க கூடக் கவனம் வைங்கன்னுதான் சொல்லுது.

நீங்க மாத்தின ரெண்டு திகதி

இதுக்குத்தான் நீங்க தூங்காம இருக்கீங்க. "சேர் சொன்னதால செஞ்சேன், கையெழுத்து அவர்ட"ன்னு எழுதியிருக்கீங்க. பெரிய டொக்டருக்கு மொத்தப் பொறுப்பு இருக்கு, உண்மை. ஆனா அந்த வரிய எழுதினது உங்க கை, யாருக்கு என்ன வேலன்னு எழுதி வைக்கிற டெலிகேஷன் லொக்ல உங்க பேரு இருக்கு, அதனால அந்தத் திகதிக்கு நீங்களும் பதில் சொல்லணும். அதே நேரம், யாரும் கேக்குறதுக்கு முன்னாடி நீங்களா சொல்றதுக்கும், ஒடிட்ல புடிபடுறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. புடிபடாதுன்னு நெனச்சிடாதீங்க, ஏன்னா லெப் மெஷின்ல அடிச்ச துண்டுல உண்மையான திகதியும் நேரமும் இருக்கும், மருந்து குடுத்த பதிவுல இருக்கும், நோயாளியோட கிளினிக் கொப்பில இருக்கும். பதிவுகள சரிபாக்க ஸ்பொன்சர் அனுப்புற மொனிட்டர் வந்தா இத எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பாப்பார்.

திருத்துற முறை இது. டிப்பெக்ஸ் வேணாம், பக்கத்த கிழிச்சு புதுசா எழுதவும் வேணாம். பழைய திகதி வாசிக்கக்கூடிய மாதிரி ஒரே ஒரு கோடு, பக்கத்துல சரியான திகதி, எதப் பாத்து திருத்தினீங்கன்னு காரணம், உங்க இனிஷியல், திருத்தின இன்னைய திகதி. கம்ப்யூட்டர்ல போட்டிருந்தா அங்கயும் காரணம் கேக்கும், உண்மைய எழுதுங்க. ஆனா இத ராத்திரியோட ராத்திரியா தனியா செஞ்சிடாதீங்க. முதல்ல பெரிய டொக்டருக்கு எழுதுங்க, "இந்த ரெண்டு விசிட்லயும் திகதி பிழையா போட்டிருக்கு, திருத்தி டீவியேஷனா பதியப்போறேன்"னு. அவர குத்தஞ்சாட்டுற தொனி வேணாம். கிளினிக்ல கூட்டத்தோட கூட்டமா இருக்கிற நேரத்துல வாயில வந்தத சொல்லிட்டு பிறகு திருத்திக்க ஒத்துக்கிற டொக்டர்மார நான் நெறையப் பாத்திருக்கேன், அந்தச் சந்தர்ப்பத்த அவருக்கும் குடுங்க. "வேணாம் விடுங்க"ன்னு மறுபடியும் சொன்னா, அது இனி வேற விஷயம், கீழ சொல்றேன்.

இன்னொண்ணு, பாட்டியோட சம்மதப் பத்திரத்த போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தீங்க, பேரும் ஐடி நம்பரும் அதுல தெரியுது. நான் அழிச்சிட்டேன், உங்க போன்லயும் அழிச்சிடுங்க. ஆதாரம் வேணும்னா நம்பரும் திகதியும் என்ன நடந்துச்சுங்கிறதும் உங்க கொப்பில எழுதி வச்சா போதும்.

பாட்டியோட கைநாட்டு

நீங்க வாயால நல்லா விளங்கப்படுத்தினதா எழுதியிருக்கீங்க, நம்புறேன். ஆனாலும் அந்தச் சம்மதம் நிக்காது. வாசிக்கத் தெரியாதவங்ககிட்ட சம்மதம் வாங்குறப்போ, ட்ரயலோட சம்பந்தமே இல்லாத, வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கூட இருந்து, நீங்க சொல்றதும் பேப்பர்ல உள்ளதும் ஒண்ணுதானான்னு பாத்துட்டு அங்கேயே கையெழுத்து போடணும். மறுநாள் கையெழுத்து போட்டவருக்கு சாட்சி சொல்ல ஒண்ணுமே இல்ல. 2009ல இந்தியாவுல, அப்போதைய ஆந்திரா கம்மம் மாவட்டத்துல, எச்பிவி தடுப்பூசி ஆய்வுல சேத்த பழங்குடிப் பிள்ளைங்களுக்கு தாய் தகப்பனுக்குப் பதிலா ஹொஸ்டல் வோர்டன்மார் கையெழுத்து போட்டிருந்தாங்க. 2013ல அந்த நாட்டுப் பாராளுமன்றக் குழு அத கடுமையா கண்டிச்சுது. படிக்காத ஏழை சனங்களுக்குப் பதிலா வேற யாரோ கையெழுத்து போடுறது எங்க கொண்டு போய் விடும்னு அங்க பாத்தோம், அது நம்ம தோட்டத்துல நடக்கக்கூடாது.

இப்ப செய்யலாம்: விலகலா பதிஞ்சு, ட்ரயலுக்கு அனுமதி குடுத்து கண்காணிக்கிற எதிக்ஸ் கமிட்டிக்கு அறிவிக்கணும், கமிட்டி அனுமதிச்ச சரியான பதிப்பு தமிழ் போர்ம்ல மறுபடியும் முதல்ல இருந்து விளங்கப்படுத்தி, அன்னைய திகதி போட்டு சம்மதம் கேக்கணும். பழைய திகதி கூடவே கூடாது. பாட்டி வேணாம்னு சொன்னா வேணாம்தான், வழக்கமான கிளினிக் வைத்தியம் அவங்களுக்கு அப்படியே கிடைக்கும். ஏற்கனவே எடுத்த ரத்தத்தையும் தரவையும் என்ன செய்யிறதுங்கிறத கமிட்டி சொல்லும். சாட்சிக்கு அவங்க மகளோ பக்கத்து லயத்துல படிச்ச பொண்ணோ வரட்டும். கங்காணியையோ தோட்டத்து ஒபிஸ் ஆளையோ கூப்பிட்டுடாதீங்க, அவங்க முன்னாடி பாட்டி வேணாம்னு சொல்லவே மாட்டாங்க.

ஏன் பிந்துறாங்கன்னு யாராவது கேட்டாங்களா

உங்க கடிதத்துல எனக்கு மனசு நொந்த இடம் இதுதான். டீவியேஷன் லொக்ல எல்லா வரியிலயும் "பங்கேற்பாளருக்கு மீண்டும் அறிவுறுத்தப்பட்டது"ன்னு ஒரே வசனத்த போட்டிருக்கீங்க. அவங்களுக்கு திகதி தெரியாமலா வரல? வேல நாள்ல காலைல 8 மணிக்கு கிளினிக். முதல் பஸ்ஸ புடிக்க இருட்டுல லயத்துல இருந்து ரோட்டுக்கு எறங்கணும். அன்னைக்கு பெரட்டுக்கு, காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்குப் போகலன்னா ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம் போச்சு, மத்தியானம் ஓடி வந்து மலைக்குப் போனாலும் கிலோ வராது, அரைப் பேர்தான் விழும். நீங்க குடுக்கிறது பஸ் காசு. போன பேருக்கு யாரு காசு குடுக்கிறது? கொழுந்து நெறைய வர்ற மாசத்துல யாரா இருந்தாலும் கிளினிக்க அடுத்த வாரத்துக்கு தள்ளித்தான் வைப்பாங்க. இத நீங்க வீட்டுலயே பாத்து வளந்தவங்க, டீம்ல மத்தவங்களுக்குத் தெரியாது, அதனால நீங்கதான் எழுதணும்.

இதுவரைக்கும் நடந்த விலகல் எல்லாத்தையும் ஒரு தாள்ல எடுத்து எந்த மாசம், எந்தக் கிழம, எந்தப் பக்கத்து ஆளுங்க, என்ன காரணம்னு பிரிச்சுப் போடுங்க. ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தா அது ஆளோட பிழை இல்ல, திட்டத்துல உள்ள பிழை. ஞாயித்துக்கிழம கிளினிக் வைக்கலாமா, விண்டோவ 3 நாள்ல இருந்து 7 நாளாக்க முடியுமா, போன பேருக்கு நியாயமா ஒரு தொகை குடுக்கலாமான்னு பெரிய டொக்டர் ஸ்பொன்சர்கிட்ட கேக்கட்டும். இது எல்லாம் புரொட்டோகோல் திருத்தமா எதிக்ஸ் கமிட்டிக்குப் போய் அனுமதி வந்த பிறகுதான் செய்யணும், நல்லதுதானேன்னு நீங்களா விண்டோவ நீட்டிடாதீங்க. நாள்ச் சம்பளத்த ஈடு செய்யிறது தப்பே இல்ல, காசுக்காகவே வந்து சேர்ற அளவுக்குப் போகாம இருக்கான்னு கமிட்டி பாக்கும். ஞாபகப்படுத்துற கோல கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்த பிறகு பொழுதுபட எடுங்க, பகல்ல எடுத்தா மலையில போன் அடிக்கவும் செய்யாது. துரைகிட்ட சொல்லி ஆள அனுப்பச் சொல்ற யோசனை மட்டும் வேணாம், வர்றதும் வராததும் அவங்க விருப்பம்.

வெறும் வயித்து ரத்தமும் இதே கதைதான். "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க, பொய்யும் கிடையாது, அந்தக் குளிர்ல நாலரை மணிக்கு சீனி போட்டு ஒரு ப்ளேன்டீ குடிச்சத யாரும் சாப்பாட்டுல சேக்கிறதில்ல. எழும்பினதுல இருந்து என்னென்ன குடிச்சீங்க, சீனி போட்டா, தொட்டுக்கிட்டு குடிச்சதா, காலைக் குளிசை போட்டுட்டீங்களான்னு ஒவ்வொண்ணா கேளுங்க. குடிச்சிருந்தா ஏசாதீங்க, ஏசினா அடுத்த தடவ மறைப்பாங்க. எழுதிட்டு வேற நாள் எடுக்க முடியுமான்னு பாருங்க. காலைக் குளிசைய வெறும் வயித்துல போட்டுட்டு பஸ்ல ரெண்டு மணித்தியாலம் வர்றவங்கள இன்னும் கவனமா பாக்கணும். தூரத்து ஆளுங்களுக்கு முதல் நம்பர் குடுத்து, ரத்தம் எடுத்த கையோட கொண்டு வந்த ரொட்டிய சாப்பிட விடுங்க.

ரகசியப் பத்திரமும் ட்ரயல் நிக்கிற பயமும்

நீங்க கையெழுத்து வச்ச பத்திரம் கம்பனி ரகசியத்தையும் நோயாளி விபரத்தையும் காப்பாத்துறதுக்கு. ட்ரயல கண்காணிக்கிற கமிட்டிகிட்ட நடந்தத சொல்றத அந்தப் பத்திரத்த வச்சு தடுக்க முடியாது, அறிவிக்கணும்னு ட்ரயல் விதியே சொல்லுது. பேஸ்புக்ல போடுறதும் பத்திரிகைக்குக் குடுக்கிறதும் வேற, அந்தப் பக்கம் போகாதீங்க. பத்திரத்துல ஏதாவது வரி பயமுறுத்துதுன்னா கையெழுத்து வச்ச பிரதிய ஒரு சட்டத்தரணிகிட்ட காட்டுங்க, நான் டொக்டர்தான்.

வழி இப்படி வரும். முதல்ல பெரிய டொக்டருக்கு எழுத்துல. அதுக்கு அசையலன்னா அடுத்த விசிட்டுக்கு வர்ற மொனிட்டர்கிட்ட, அவருடைய வேலையே இதுதான். அதுவும் சரிவரலன்னா அனுமதி குடுத்த எதிக்ஸ் கமிட்டி செயலாளருக்கு. அவங்க தொலைபேசி நம்பர் நோயாளிக்குக் குடுக்கிற தகவல் பத்திரத்துலயே இருக்கணும், நோயாளியும் எடுக்கலாம் நீங்களும் எடுக்கலாம். மருந்து ட்ரயல்ங்கிறதால தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கும் அதிகாரம் இருக்கு, 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்கச் சட்டத்துல. ஆள் ஆபத்துல இருக்கிற விஷயத்துக்கு இந்த வரிசை கிடையாது, படி ஏறிட்டு இருக்காம நேரா போகலாம்.

அறிவிச்ச உடனே ட்ரயல இழுத்து மூடிடுவாங்கன்னு நெனக்கிறீங்க. பல வருஷமா இந்த மாதிரி அறிக்கைங்கள வாசிச்ச அனுபவத்துல சொல்றேன், பெரும்பாலும் மறுபடி சம்மதம் வாங்கச் சொல்வாங்க, ட்ரெய்னிங் வைப்பாங்க, கொஞ்ச நாளைக்கு புது ஆள் சேக்காதீங்கன்னு சொல்வாங்க. ஆளுக்கு ஆபத்துன்னு கண்டா நிப்பாட்டவும் செய்வாங்க, அப்படி நிப்பாட்ட வேண்டிய மருந்தா இருந்தா அது நம்ம ஆளுங்க கைல இலவசமா இருக்கிறதே ஆபத்து. நிப்பாட்டினாலும் இருக்கிறவங்கள வழக்கமான கிளினிக்குக்கு ஒழுங்கா மாத்தி விட வேண்டியது ட்ரயல் நடத்துறவங்க பொறுப்பு.

வேலைய விடுறதா?

இப்ப வேணாம்னு நெனக்கிறேன். அந்த டீம்ல தோட்டத்து ஆளுங்களோட பாஷைல பேசுறது நீங்க மட்டும்தான்னு எழுதியிருக்கீங்க, நீங்க போயிட்டா மயங்கி விழுந்த கதை கூட யார் காதுக்கும் வராது. எழுதிக் குடுத்த பிறகும் திகதிய மாத்தச் சொல்லி வற்புறுத்தினா, மாட்டேன்னு சொல்லுங்க, அப்பவும் நெருக்கினா விட்டுட்டு வாங்க, அந்த இடத்துல இருந்து உங்க பேர கெடுத்துக்க வேண்டியதில்ல. அனுப்பின ஈமெயில் எல்லாம் பத்திரமா இருக்கட்டும், நோயாளி பேப்பர் ஒண்ணும் கைல எடுத்துட்டு வராதீங்க. பைல்கள ஒப்படைக்கிறப்போ என்னென்ன ஒப்படைச்சீங்கன்னு பட்டியல் எழுதி வாங்கினவங்ககிட்ட கையெழுத்து எடுங்க, டெலிகேஷன் லொக்ல உங்க பேருக்கு நேரா வேல முடிஞ்ச நாள நீங்களே போட்டு கையெழுத்து வைங்க. அதுக்குப் பிறகு உங்க பேர்ல யாரும் எதுவும் எழுத முடியாது.